லாபம் 15, வரி 20: எல்லை தாண்டும் நிறுவனத்துக்கு இரட்டை வரி ஒப்பந்தம் எதைத் தருகிறது?

ஒரு கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். ‘அ’ நாட்டில் ஒரு மென்பொருள் நிறுவனம். ‘ஆ’ நாட்டில் இருக்கும் வாடிக்கையாளருக்கு வேலை செய்து கொடுத்து 100 என்று பில் போடுகிறது. சம்பளம், வாடகை, கணினி என்று அந்த வேலைக்கு ஆன செலவு 85. கையில் நிற்கும் லாபம் 15.

வெளிநாட்டவருக்குச் சேவைக் கட்டணம் கொடுப்பவர் அதில் 20 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது ‘ஆ’ நாட்டின் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிடித்தம் லாபத்தின் மேல் இல்லை, பில் தொகையின் மேல். ஆக 100க்கு 20 போய்விட்டது. நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது 80, செலவோ 85. வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்தும் 5 நஷ்டம். இதற்கு மேல், 15 லாபம் சம்பாதித்திருக்கிறாய் என்று சொந்த நாடு 25 சதவீதம், அதாவது 3.75 கேட்கும்.

வெளிநாட்டில் கட்டிய வரியை உள்நாட்டில் கழித்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். எந்த ஒப்பந்தமும் இல்லாமல், தங்கள் உள்நாட்டுச் சட்டத்திலேயே அதற்கு இடம் தரும் நாடுகள் நிறைய. அமெரிக்கா 1918லேயே தந்துவிட்டது. ஆனால் இன்று இந்தக் கழிவுக்குப் பொதுவாக ஓர் உச்சவரம்பு உண்டு: அந்த வருமானத்தின் மேல் சொந்த நாட்டில் எவ்வளவு வரி வருமோ அவ்வளவுதான் கழிக்கலாம். நம் கணக்கில் அது 3.75. அதைக் கழித்தால் சொந்த நாட்டு வரி இல்லாமல் போகும், சரி. மீதி 16.25? இந்த வேலையைப் பொறுத்தவரை அது திரும்பி வராது.

இரண்டு நாட்டுக்கும் நடுவில் வழக்கமான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் கதை வேறு. ‘ஆ’ நாட்டில் அந்த நிறுவனத்துக்கு நிலையான கிளையோ அலுவலகமோ இல்லாதவரை, அந்த நாடு அதன் தொழில் லாபத்தின் மேல் வரி போட முடியாது. கட்ட வேண்டியது சொந்த நாட்டின் 3.75 மட்டும். 11.25 கையில் நிற்கும்.

வரி ஒப்பந்தம் என்றதும் விகிதம் எத்தனை குறையும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். விகிதம் முக்கியம்தான். ஆனால் எதன் மேல் வரி, எப்போதிலிருந்து வரி என்ற இரண்டு கேள்விக்கும் ஒப்பந்தம் முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறது. மெல்லிய லாபத்தில் ஓடும் நிறுவனத்தைக் காப்பாற்றுவது அந்தப் பதில்தான் என்பது என் எண்ணம்.

இரண்டு நாடுகள் ஒரே வருமானத்தைக் கேட்பதில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு நாடு, "நீ என் மண்ணில் வசிக்கிறாய், நீ எங்கே சம்பாதித்தாலும் எனக்குப் பங்கு உண்டு" என்கிறது. இது வதிவிட உரிமை. இன்னொரு நாடு, "நீ எங்கே வசித்தாலும் சரி, பணம் என் சந்தையிலிருந்து போகிறது" என்கிறது. இது மூல நாட்டு உரிமை. இரண்டும் மோதும் இடம்தான் இரட்டை வரி.

வரி விகிதங்கள் சிறியதாக இருந்த காலத்தில் இது பெரிதாக உறுத்தவில்லை. பிரஷ்யாவும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் 1899லேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டாலும், முதல் உலகப் போர் முடிந்து வரி விகிதங்கள் எகிறிய பிறகுதான் வணிகர்கள் உரக்கக் குரல் கொடுத்தார்கள். சர்வதேச வணிகச் சபையின் வற்புறுத்தலும் சேர, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் நான்கு பொருளியலாளர்களிடம் கேள்வியை ஒப்படைத்தது. நெதர்லாந்தின் புருயின்ஸ், இத்தாலியின் எயினாவ்டி, அமெரிக்காவின் செலிக்மன், பிரிட்டனின் ஸ்டாம்ப் ஆகியோர் 1923இல் அறிக்கை கொடுத்தார்கள். எயினாவ்டி பின்னாளில் இத்தாலியின் குடியரசுத் தலைவரும் ஆனார். 1928இல் முதல் மாதிரி வரைவுகள் வந்தன. இன்று நாடுகள் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது மேசையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு மாதிரிகள்: பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. 1963இல் வரைவாக வெளியிட்ட மாதிரி, 1980இல் வந்த ஐ.நா. மாதிரி. முதலாவது வதிவிட நாட்டுப் பக்கம் சாயும். இரண்டாவது வளரும் நாடுகளை மனதில் வைத்து மூல நாட்டுக்குக் கூடுதல் இடம் விடும். உலகில் இப்போது 3,000க்கும் மேற்பட்ட இருதரப்பு ஒப்பந்தங்கள் நடப்பில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டு மாதிரிகளின் எலும்புக்கூட்டில்தான் நிற்கின்றன.

எப்போதிலிருந்து வரி?

இரண்டு மாதிரிகளிலும் 5ஆம் பிரிவு ‘நிரந்தர நிலையம்’ என்றால் என்ன என்று சொல்கிறது. ஒரு நிறுவனம் புது நாட்டுக்குள் கால் வைக்கும்போது நான் முதலில் படிக்கச் சொல்வது இந்தப் பிரிவைத்தான்.

நிறுவனம் தன் தொழிலை நடத்தும் நிலையான இடம் ஒன்று அந்த நாட்டில் இருந்தால் அது நிரந்தர நிலையம். கிளை, அலுவலகம், தொழிற்சாலை, பட்டறை, சுரங்கம் எல்லாம் இதில் வரும். அது இல்லாமல் ஏற்றுமதி செய்வது, போய்ப் பேசி ஆர்டர் வாங்கி வருவது, சந்தையைப் பார்த்து வர ஆள் அனுப்புவது போன்றவற்றுக்காக அந்த நாடு தொழில் லாபத்தின் மேல் கை வைக்காது. சரக்கைச் சேமித்து வைக்க மட்டும் ஓர் இடம், தகவல் திரட்ட மட்டும் ஓர் அலுவலகம் என்று ஆயத்த வேலையாகவோ துணை வேலையாகவோ இருந்தால் அதற்கும் விலக்கு உண்டு. புதுச் சந்தை பிடிபடுமா பிடிபடாதா என்று தெரியாத முதல் ஒன்றிரண்டு ஆண்டில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, அங்கே போய் வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஆடிட்டர் தேடியவர்களுக்குத் தெரியும்.

கட்டுமானத் தொழிலில் எல்லைக்கோடு நாட்காட்டியில் இருக்கிறது. ஓ.இ.சி.டி. மாதிரியில் ஒரு கட்டுமானத் தளம் 12 மாதத்தைத் தாண்டினால்தான் நிரந்தர நிலையம், ஐ.நா. மாதிரியில் 6 மாதம். பத்து மாத வேலை ஒன்றை எடுக்கிறீர்கள் என்றால், ஒப்பந்தம் எந்த மாதிரியைப் பின்பற்றுகிறது என்பதைப் பொறுத்து அந்த நாட்டில் வரி உண்டு அல்லது இல்லை. டெண்டர் விலை போடும்போதே இது தெரிந்திருக்க வேண்டும். சேவைகளுக்கும் ஐ.நா. மாதிரி ஒரு கோடு வைக்கிறது: 12 மாத காலத்துக்குள் 183 நாளுக்கு மேல் ஆட்களை அனுப்பி அங்கே சேவை கொடுத்தால், அலுவலகமே இல்லாவிட்டாலும் நிரந்தர நிலையம்தான்.

இணையத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு விஷயம். இணையதளம் மட்டும் இருந்தால் அது நிரந்தர நிலையம் ஆகாது என்பது ஓ.இ.சி.டி. விளக்கவுரையின் நிலை. ஆனால் சொந்தமாகவோ வாடகைக்கோ எடுத்து, உங்கள் கட்டுப்பாட்டில் ஓர் இடத்தில் நிலையாக வைத்திருக்கும் சர்வர் ஆகக்கூடும்.

கோட்டைத் தாண்டிவிட்டோம், கிளை திறந்துவிட்டோம் என்றால் என்ன? அப்போதும் 7ஆம் பிரிவு ஒரு வேலி போடுகிறது. அந்தக் கிளையைத் தனி நிறுவனமாகப் பாவித்தால் அதற்கு எவ்வளவு லாபம் வந்திருக்குமோ அதற்கு மட்டும்தான் வரி. நிறுவனத்தின் உலக வருமானத்தை இழுத்து வந்து அதில் பங்கு கேட்க முடியாது. செலவுகளைக் கழித்த பிறகான லாபத்துக்கே வரி என்பதையும் கவனிக்க வேண்டும். 100க்கு 20 என்று மொத்தத்தில் வெட்டியதற்கும் இதற்கும் உள்ள தூரம்தான் முதல் கணக்கில் பார்த்தது.

பங்காதாயம், வட்டி, ராயல்டி

பங்காதாயம் என்பது பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபம் (டிவிடெண்ட்); ராயல்டி என்பது காப்புரிமை, வணிகப் பெயர் போன்றவற்றைப் பயன்படுத்தக் கொடுக்கும் கட்டணம். இந்த மூன்றில்தான் விகிதங்கள் வருகின்றன. ஓ.இ.சி.டி. மாதிரிப்படி, குறைந்தது 25 சதவீதப் பங்கு வைத்திருக்கும் தாய் நிறுவனத்துக்குப் போகும் பங்காதாயத்தில் மூல நாடு 5 சதவீதம் வரை பிடிக்கலாம், மற்றவர்களுக்கு 15 சதவீதம் வரை. வட்டியில் 10 சதவீதம் வரை. ராயல்டியில் ஒன்றும் இல்லை. ஐ.நா. மாதிரி விகிதங்களைப் பேச்சுவார்த்தைக்கே விட்டுவிடுகிறது. நடைமுறையில் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

வித்தியாசம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு அமெரிக்கா நல்ல உதாரணம். வெளிநாட்டவருக்குப் போகும் பங்காதாயத்திலும் ராயல்டியிலும் அதன் சட்டப்படியான பிடித்தம் 30 சதவீதம். பிரிட்டனுடன் 2001இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில், 80 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்து மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால் பங்காதாயப் பிடித்தம் பூஜ்யம். ராயல்டிக்கும் பூஜ்யம். சிலி நாட்டு நிறுவனங்களோ அமெரிக்காவுடன் 2010இல் கையெழுத்தான ஒப்பந்தம் நடப்புக்கு வர 2023 டிசம்பர் வரை காத்திருந்தன.

பங்காதாயத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வெளிநாட்டுத் துணை நிறுவனத்திடமிருந்து வரும் பங்காதாயத்துக்குப் பல ஐரோப்பிய நாடுகள் உள்நாட்டில் வரி விலக்கே கொடுத்துவிடுகின்றன. அந்த நாட்டுத் தாய் நிறுவனத்துக்கு, வெளிநாட்டில் பிடித்த வரியைக் கழிக்க உள்நாட்டு வரி என்று ஒன்று கிடையாது. பிடித்தது பிடித்ததுதான். அதனால் ஒப்பந்தம் 25 சதவீதப் பிடித்தத்தை 5 ஆக்கினால், அந்த 20ம் நேராக நிறுவனத்தின் கையில் நிற்கிறது.

வட்டியில் பலன் உண்மையில் யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வங்கி 5 சதவீதத்துக்குப் பணம் திரட்டி 6 சதவீதத்துக்கு வெளிநாட்டில் கடன் கொடுக்கிறது. 100க்கு 6 வட்டி, வங்கியின் மிச்சம் 1. வட்டியில் 20 சதவீதம் பிடித்தால் 1.20 போகிறது; மிச்சத்தைவிட வரி அதிகம். எந்த வங்கியும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. "எனக்கு 6 முழுதாக வர வேண்டும், வரி எவ்வளவானாலும் கடன் வாங்குபவர் பொறுப்பு" என்று கடன் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளும். கடன் வாங்கியவர் இப்போது 7.50 வட்டி சுமக்கிறார். அதில் 20 சதவீதம் போனால்தான் வங்கிக்கு 6 வரும். ஒப்பந்தம் பிடித்தத்தை 10 சதவீதம் ஆக்கினால் அந்த 7.50 ஏறக்குறைய 6.67 ஆகிறது. வரி குறைந்தது வெளிநாட்டு வங்கிக்கு என்று தோன்றினாலும், மலிவாகக் கடன் கிடைத்தது உள்நாட்டுத் தொழிலுக்கு. வரி ஒப்பந்தம் என்றால் வெளிநாட்டுக்காரனுக்குக் கொடுக்கும் சலுகை என்று பேசுபவர்கள் இந்தப் பக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூல நாடு தன் பங்கை எடுத்த பிறகு, சொந்த நாடு இரண்டில் ஒரு வழியில் விட்டுக்கொடுக்கும் என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வருமானத்தை வரியிலிருந்து விலக்கிவிடலாம், அல்லது வெளியே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள விடலாம். கழிவு முறையில் ஒரு சிக்கல் உண்டு. மூல நாடு, தொழில் வளரட்டும் என்று ஐந்து வருடம் வரி விடுமுறை கொடுத்தால், அங்கே கட்டிய வரி பூஜ்யம், சொந்த நாட்டில் கழிக்கவும் பூஜ்யம். வளரும் நாடு விட்டுக்கொடுத்த பணம் பணக்கார நாட்டின் கஜானாவில் போய் விழும். இதைத் தடுக்கத்தான் சில ஒப்பந்தங்கள், விடுமுறையால் கட்டாத வரியையும் கட்டியதாகவே பாவிக்கச் சொல்கின்றன. அமெரிக்கா இதை ஏற்பதில்லை. 1957இல் பாகிஸ்தானுடன் போட்ட ஒப்பந்தத்தில் இருந்த இந்த ஏற்பாட்டை அதன் செனட் ஒத்துக்கொள்ளவில்லை.

சண்டை வந்தால் யாரிடம் போவது?

ஒரே குழுமத்தைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள். ‘அ’ நாட்டுத் தாய் நிறுவனம் ‘ஆ’ நாட்டுத் துணை நிறுவனத்துக்கு 100க்குப் பொருள் விற்கிறது. ‘ஆ’ நாட்டு வரி அதிகாரி கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சந்தையில் இதன் விலை 80தான், லாபத்தை வெளியே கடத்த விலையை ஏற்றியிருக்கிறீர்கள் என்கிறார். துணை நிறுவனத்தின் லாபத்தில் 20ஐக் கூட்டி, அதற்கு 30 சதவீத வரி போடுகிறார். அதே 20க்கு ‘அ’ நாட்டில் ஏற்கெனவே 25 சதவீதம் கட்டியாகிவிட்டது. ஒரே 20க்கு 11 வரி. கட்டியவர்கள் இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள் என்பதால் சாதாரணக் கழிவு முறை இங்கே உதவாது.

ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. ‘ஆ’ நாடு கூட்டியது நியாயம் என்றால், ‘அ’ நாடு அதற்கு ஈடாகத் தன் பக்கத்தில் குறைக்க வேண்டும். நியாயமா இல்லையா என்று யார் முடிவு செய்வது? அதற்கு 25ஆம் பிரிவு: பரஸ்பர உடன்பாட்டு நடைமுறை. நிறுவனம் தன் வழக்கை வரி அதிகாரிகளிடம் கொடுத்தால், இரண்டு அரசுகளின் அதிகாரிகள் தங்களுக்குள் நேராகப் பேசித் தீர்க்க முயல்வார்கள். ஓ.இ.சி.டி. மாதிரியில் முதல் அறிவிப்பு வந்த மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டில் அதிகாரிகள் தீர்க்காவிட்டால் நடுவர் தீர்ப்புக்குக் கொண்டுபோகும் வழியை அந்த மாதிரி 2008இல் சேர்த்தது. பல நாடுகள் அந்தக் கடைசிப் படியை ஏற்கவில்லை.

என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் மதிப்பு போதுமான அளவு பேசப்படுவதில்லை. ஒப்பந்தம் இல்லாத இடத்தில், நிறுவனம் ஒவ்வொரு நாட்டிலும் தனியாக வழக்காட வேண்டும். ஒரு நாட்டு நீதிமன்றம் 80 என்றும் இன்னொன்று 100 என்றும் சொன்னால், இரண்டுமே அந்தந்த நாட்டில் செல்லும்! இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் சட்டம் ஒப்பந்தத்தில் மட்டும்தான் இருக்கிறது. விலையை முன்னதாகவே இரண்டு அரசுகளிடமும் பேசி முடித்து, சில ஆண்டுகளுக்கு உறுதி வாங்கிக்கொள்ளும் இருதரப்பு முன்-விலை உடன்பாடுகளும் இந்தப் பிரிவை வைத்துத்தான் நடக்கின்றன.

இன்னும் சில பலன்கள் உண்டு. ஒரு கப்பல் ஒரே பயணத்தில் பத்துத் துறைமுகங்களைத் தொட்டால் லாபத்தைப் பத்தாகப் பிரிப்பது நடக்காத காரியம். அதனால் 8ஆம் பிரிவு சர்வதேசக் கப்பல், விமானப் போக்குவரத்து லாபத்தைச் சொந்த நாட்டுக்கே விட்டுவிடுகிறது. குறுகிய வேலைக்கு அனுப்பும் ஊழியர் 183 நாளுக்கு மேல் தங்காமல், சம்பளத்தை அந்த நாட்டு நிறுவனமோ கிளையோ ஏற்காமல் இருந்தால் அவருக்கு அங்கே சம்பள வரி இல்லை. வெளிநாட்டவர் கையில் இருக்கிறது என்ற காரணத்துக்காக ஒரு உள்ளூர் நிறுவனத்துக்கு அதிக வரி போடக்கூடாது என்று 24ஆம் பிரிவு தடுக்கிறது.

ஒப்பந்தம் தானாக வேலை செய்யாது

பலனைக் கேட்டு வாங்க வேண்டும். சொந்த நாட்டு வரித்துறையிடமிருந்து வதிவிடச் சான்றிதழ் வாங்கி, பணம் கொடுப்பவரிடம் முன்கூட்டியே சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அவர் முழு விகிதத்தில் பிடித்துக்கொள்வார். அப்புறம் ரீஃபண்டுக்கு அலைய வேண்டியதுதான். பங்காதாயம், வட்டி, ராயல்டி வாங்குபவர் அந்தப் பணத்தின் உண்மைப் பயனாளியாகவும் இருக்க வேண்டும். கையில் வாங்கி அப்படியே அடுத்தவருக்குக் கடத்தும் கம்பெனிக்குக் குறைந்த விகிதம் கிடையாது.

நல்ல ஒப்பந்தம் இருக்கும் நாட்டில் பெயருக்கு ஒரு கம்பெனி திறந்து, அதன் வழியாக முதலீட்டைத் திருப்பிவிடும் வழக்கம் பல ஆண்டு இருந்தது. இந்தியாவில் முதலீடு செய்ய மொரிஷியஸ் வழியே வந்தவர்கள் நிறையப் பேர். அந்த ஒப்பந்தம் 2016இல் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளை விற்று வரும் மூலதன ஆதாயத்துக்கு இந்தியா வரி விதிக்கலாம் என்றானது. மலாவியும் மங்கோலியாவும் நெதர்லாந்துடன் தங்களுக்கிருந்த ஒப்பந்தங்களை ரத்து செய்தன. 2017 ஜூனில் பாரிஸில் கையெழுத்தான பலதரப்பு உடன்படிக்கை, ஏற்கெனவே இருந்த ஏராளமான ஒப்பந்தங்களில் ஒரே அடியில் ஒரு புது நிபந்தனையைச் சேர்த்தது: ஓர் ஏற்பாட்டின் முக்கிய நோக்கங்களில் ஒன்று ஒப்பந்தப் பலனைப் பெறுவதுதான் என்றால், பலனை மறுக்கலாம். அமெரிக்கா இதில் கையெழுத்திடவில்லை. இந்த இறுக்கம் சரியானதே என்பேன். அலுவலகம், ஆள், வேலை என்று உண்மையாகத் தொழில் செய்பவருக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை.

நாடுகளுக்கும் இதில் விலை உண்டு. பிடித்தம் செய்யும் உரிமையைக் குறைத்துக்கொண்டால், முதலீடு வாங்கும் பக்கத்துக்குத்தான் வருமானம் முதலில் குறையும். ஐ.நா. மாதிரியில் 2017இல் தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கென 12ஏ என்று ஒரு தனிப் பிரிவு சேர்ந்தது இந்தக் கவலையால்தான். நிரந்தர நிலையம் இல்லாவிட்டாலும், பேசி வைத்த ஒரு விகிதத்தில் மூல நாடு பில் தொகையில் பிடிக்கலாம். வரி வருமானம் கசிந்துபோகும் நாடு இதைக் கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த விகிதம் 10 சதவீதம் என்றாலும் நம் மென்பொருள் நிறுவனத்தின் 15இல் 10 போய்விடும். சொந்த நாட்டில் 3.75ஐத்தான் கழிக்க முடியும். மிஞ்சுவது 5. ‘ஒப்பந்தம் இருக்கிறது’ என்ற ஒரு வரியை நம்பி விலை பேசக்கூடாது என்பதற்கு இந்தப் பிரிவே போதும்.

ஒப்பந்தம் நிலைத்திருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மனி பிரேசிலுடனான ஒப்பந்தத்தை 2005 இறுதியோடு முடித்துக்கொண்டது. அமெரிக்கா ஹங்கேரியுடனான ஒப்பந்தத்தை ரத்து செய்ததில், 2024 தொடக்கத்திலிருந்து பிடித்தம் செய்யும் வரிகளுக்கும் அது செல்லாமல் போனது. ஐந்தாறு ஆண்டு ஓடும் வணிக உடன்பாட்டில் கையெழுத்திடும் நிறுவனம், நடுவில் வரிப் பிடித்தத்தின் விகிதம் மாறினால் கூடுதல் சுமை யாருடையது என்பதை எழுதியே ஆக வேண்டும். எழுதும் முன் கையில் வைத்திருக்க வேண்டியது அந்த இரண்டு நாடுகளின் ஒப்பந்த மூலம், அதன் பின்னிணைப்பு நெறிமுறை, 2017 உடன்படிக்கை அதை எங்கெங்கே மாற்றியிருக்கிறது என்று காட்டும் ஒருங்கிணைந்த பதிப்பு. படிக்கத் தொடங்க வேண்டிய இடம் 5ஆம் பிரிவு.